ராத்திரி 3 மணிக்கு முழிச்சிருக்கிறவங்களுக்கு

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சற்றே திருத்தி, எழுத்து வடிவத்தில் இங்கே தருகிறோம்.)

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல கோட், வேலை, இன்டர்வியூ, சம்பளம்னு பேசிக்கிட்டிருப்போம். இன்னைக்குத் தூக்கத்தைப் பத்திப் பேசப்போறேன். இன்னும் சரியாச் சொல்லணும்னா, தூக்கம் வராததைப் பத்தி. ஒரு வருஷமா இந்த எபிசோடைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். காரணம், இதுல என் கதையும் இருக்கு.

உங்களுக்கு ஒரு கணக்கு பழக்கமா இருக்கும். ராத்திரி 1 மணிக்கு போனை எடுத்துப் பார்ப்பீங்க. "இப்ப தூங்கினாக்கூட 6 மணி நேரம் கிடைக்கும்." அப்புறம் 2 மணிக்குப் பார்ப்பீங்க. "5 மணி நேரம் போதும், சமாளிச்சிடலாம்." 3 மணிக்கு அந்தக் கணக்கே ஒரு பயமா மாறிடும். 4 மணிக்குப் பக்கத்துப் பள்ளிவாசல்லயோ கோயில்லயோ ஸ்பீக்கர் போடறதுக்கு முன்னாடியாவது கண்ணு மூடணும்னு வேண்டிக்குவீங்க. இந்தக் கணக்கை நான் ஏழெட்டு மாசம் தினமும் போட்டிருக்கேன்.

எப்படி ஆரம்பிச்சது

எனக்கு அப்போ 26 வயசு. ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனி. டீம்ல பாதிப் பேரை ஒரே வாரத்துல அனுப்பிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க தலையில எல்லா வேலையும் விழுந்தது. ஆன்-கால் டியூட்டி வாரம் விட்டு வாரம் வரும். ராத்திரி எப்ப வேணும்னாலும் அலர்ட் அடிக்கும். அடிக்காத ராத்திரியிலும் அடிக்கப்போகுதோன்னு காது அதிலேயே இருக்கும்.

தூக்கம் மட்டும் கெடலை. சாப்பாடு பிடிக்கலை. பஸ்ல உட்கார்ந்திருக்கும்போது காரணமே இல்லாமல் கண்ணு கலங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தைப் பிசையும். நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன். "நான் இல்லாமல் போனா யாருக்கு என்ன?" என்கிற நினைப்பு ஒண்ணு ரெண்டு தடவை வந்துட்டுப் போனது. அதை அப்போ யார்கிட்டயும் சொல்லலை.

மூணு மாசத்துல வேற கம்பெனிக்கு மாறிட்டேன். ஆன்-கால் கிடையாது. நல்ல மேனேஜர். எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். ஆனா தூக்கம் மட்டும் திரும்பி வரவே இல்லை. இதுதான் எனக்குப் புரியவே இல்லை. காரணம் போயிடுச்சு, பிரச்சினை ஏன் இன்னும் இருக்கு?

நான் செய்யாத வைத்தியம் இல்லை. அம்மா சொன்ன ஜாதிக்காய்ப் பால் குடிச்சேன். மழைச் சத்தம் வீடியோ போட்டுக் கேட்டேன். தூக்கத்தை அளக்கும் வாட்ச் வாங்கினேன். காலையில அது "உங்கள் தூக்கம் மோசம்"னு சொல்லும், அன்னைக்கு முழுக்க அதை நினைச்சே கவலைப்படுவேன். 11 மணிக்குத் தூக்கம் வரலைன்னா 10 மணிக்கே படுத்துப் பார்ப்பேன். சனி, ஞாயிறு மதியம் 12 மணி வரைக்கும் படுக்கையிலேயே கிடப்பேன். பகல்ல தூக்கத்தைத் துரத்த நாலு காபி.

கடைசியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர் மன அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பினார். அவங்க என் சின்ன வயசுக் கதையைக் கேட்பாங்கன்னு தயாராப் போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வி: "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க? எத்தனை மணிக்குத் தூங்கியிருப்பீங்க? எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"

"மேடம், எனக்கு டிப்ரஷன். அது சரியானா தூக்கம் தானா வந்துடும் இல்லையா?"னு கேட்டேன். "ரொம்ப நாள் டாக்டர்களும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தாங்க"ன்னாங்க.

தூக்கம் வெறும் அறிகுறியா?

அவங்க சொன்னதை அப்புறம் நானும் தேடிப் படிச்சேன். முன்பெல்லாம் மன அழுத்தம், பதற்றம் உள்ள ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதை "இரண்டாம் நிலைத் தூக்கமின்மை" என்று வகைப்படுத்தினார்கள். அதாவது, அது வேறொரு நோயின் நிழல். நோயைச் சரிசெய்தால் நிழல் போய்விடும் என்ற கணக்கு. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டில் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். வாரத்தில் குறைந்தது மூன்று இரவு, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கப் பிரச்சினை இருந்து, பகல் வாழ்க்கையையும் அது பாதித்தால், கூட வேறு எந்தப் பிரச்சினை இருந்தாலும் தூக்கமின்மையைத் தனியாகக் கவனிக்கணும் என்பதுதான் இப்போதைய நிலை.

ஏன்னா இது இரண்டு பக்கமும் போகிற பாதை. மனசு சரியில்லாததால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டதால் மனசு இன்னும் கெடும். மன அழுத்தம் குறைந்த பிறகும் தூக்கமின்மை மட்டும் தங்கிவிடுவது நிறைய பேருக்கு நடக்கிறது. அப்படித் தங்கினால் அழுத்தம் திரும்பி வரும் வாய்ப்பும் கூடுகிறது.

"ஏன் தங்குது?" என்ற என் கேள்விக்கு, ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களிலேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறார். அவர் மூன்று விஷயங்களைப் பிரித்தார். ஒன்று, சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் லேசாகக் கலையும். இரண்டு, அதைத் தூண்டிவிடும் சம்பவம்: பரீட்சை, பிரேக்-அப், வேலை போவது. மூன்று, அந்தச் சம்பவத்தைச் சமாளிக்க நாம் ஆரம்பிக்கும் பழக்கங்கள். சீக்கிரம் படுப்பது, லேட்டாக எழுவது, மதியம் தூங்குவது, படுக்கையிலேயே கிடப்பது. சம்பவம் போய்விடும். பழக்கம் தங்கிவிடும். அந்தப் பழக்கம்தான் தூக்கமின்மையைப் பிடித்து வைத்திருக்கும்.

நம்ம ஃபீல்டு ஆட்களுக்கு இது உடனே புரியும். ஒரு சர்வர் விழுந்தால், அதோடு பேசுகிற ஆயிரம் ஆப்பும் "இருக்கியா, இருக்கியா"ன்னு மறுபடி மறுபடி கேட்டுக்கிட்டே இருக்கும். சர்வரை விழவைத்த முதல் கோளாறைச் சரி பண்ணியாச்சு. ஆனா இந்தக் கேள்விகளோட கூட்டமே அதை எழுந்திருக்க விடாது. எனக்கு நடந்தது அதுதான். என் பழைய கம்பெனி முதல் கோளாறு. அதுக்கப்புறம் என் தூக்கத்தை எழுந்திருக்க விடாமல் அடிச்சது, தூங்கணும்னு நான் பண்ணின முயற்சிகள்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது

சிகிச்சைக்குப் போறதுக்கு முன்னாடி இரண்டே விஷயம் தெரிஞ்சால் போதும். அலெக்ஸாண்டர் போர்பெலி என்பவர் 1982-ல் முன்வைத்த மாடல் இது.

முதலாவது, தூக்க அழுத்தம். பசி மாதிரி நினைச்சுக்கோங்க. முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கிட்டே போகும். மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்வது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. காபி அந்த அடினோசினை மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் 5 மணிக்கு நாலு பஜ்ஜி சாப்பிட்டால் ராத்திரி சாப்பாடு இறங்காது இல்லையா? மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினாலும் அதே கதைதான்.

இரண்டாவது, உடம்பின் கடிகாரம். இது எப்போது முழிப்பு, எப்போது தூக்கம் என்று நேரம் வைக்கிறது. டீன் ஏஜில் இந்தக் கடிகாரம் தாமதமாக நகரும். சுமார் 20 வயதில் அந்தத் தாமதம் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் திரும்பும். அதனால் காலேஜ் படிக்கிற பிள்ளைக்கு 10 மணிக்குத் தூக்கம் வராததற்கு மொபைல் மட்டும் காரணம் இல்லை. அந்தப் பிள்ளையை 10 மணிக்குக் கட்டாயமாகப் படுக்க வைத்தால், இரண்டு மணி நேரம் இருட்டில் கவலைப்படத்தான் பழக்குகிறோம்.

சிகிச்சை எப்படி இருக்கும்

இந்தச் சிகிச்சைக்குப் பெயர் சிபிடி-ஐ. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதுதான், மாத்திரை அதற்கு அடுத்துதான் என்று பரிந்துரைத்தது. அடுத்த வருஷம் ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதையே சொன்னது. பொதுவாக ஆறு முதல் எட்டு அமர்வுகள். என் அனுபவத்தோட சேர்த்தே சொல்றேன்.

முதல் வாரம் எந்த மாற்றமும் கிடையாது. தினமும் காலையில் ஒரு நோட்டில் எழுதணும்: படுத்த நேரம், தூங்கியிருக்கலாம்னு தோன்றுகிற நேரம், நடுவில் முழிச்சது, எழுந்த நேரம். குத்துமதிப்பா எழுதினால் போதும். ராத்திரி மணி பார்க்கக் கூடாது. வாட்சைக் கழற்றி வைக்கச் சொன்னாங்க.

ஒரு வாரம் முடிந்து கூட்டிப் பார்த்தோம். சராசரியா நான் படுக்கையில் இருந்தது ஒன்பதரை மணி நேரம். தூங்கினது ஐந்தரை மணி நேரம். அதாவது 58 சதவீதம். இதைத் தூக்கத் திறன் என்கிறார்கள். 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது.

இங்கேதான் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "உங்க உடம்பு இப்ப ஐந்தரை மணி நேரம்தான் தூங்குது. அதனால படுக்கைக்கும் ஐந்தரை மணி நேரம்தான் கொடுக்கப்போறோம். காலை 7 மணிக்கு எழுந்திருக்கணும், ஞாயிற்றுக்கிழமையும். ராத்திரி 1:30-க்கு முன்னாடி படுக்கக் கூடாது"ன்னாங்க.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "காசை வாங்கிட்டுத் தூங்காதேன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான்டா கேள்விப்படறேன். நீ பேசாம ஊருக்கு வந்துடு"ன்னாங்க.

ஆனா இதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒன்பதரை மணி நேரத்துக்குப் பரப்பி வெச்ச ஐந்தரை மணி நேரத் தூக்கம், தண்ணி ஊத்தின மோர் மாதிரி. அங்கங்கே கலையும். நேரத்தைச் சுருக்கும்போது தூக்க அழுத்தம் ஏறும், தூக்கம் ஒண்ணா கெட்டியாகும். ஒரு வாரம் திறன் 85 சதவீதத்தைத் தாண்டினால், படுக்கும் நேரத்தை 15 நிமிஷம் முன்னாடி நகர்த்தலாம். அப்படியே வாரா வாரம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் பொதுவாகக் குறைக்க மாட்டார்கள்.

அடுத்தது படுக்கை. ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-ல் கொண்டு வந்த முறை. படுக்கை தூக்கத்துக்கு மட்டும். தூக்கம் கண்ணைச் சொக்கும்போதுதான் படுக்கணும். கொஞ்ச நேரம் ஆகியும் தூக்கம் வராமல் எரிச்சல் ஏறுதுன்னா எழுந்து வேற அறைக்குப் போகணும். தூக்கம் வந்ததும் திரும்பி வரணும். மாசக்கணக்கில் படுக்கையில் முழிச்சுக் கிடந்து கவலைப்பட்டதில், படுக்கையைப் பார்த்தாலே மூளை "சரி, கவலைப்படுற இடம் வந்தாச்சு"ன்னு கத்துக்கிட்டிருக்கும். அதை மாத்தத்தான் இது.

"வேற அறைக்கா? மேடம், நான் இருக்கறது பிஜி"ன்னேன். மூணு பேர், மூணு கட்டில், நடுவில் நடக்க மட்டும் இடம். அந்தக் கட்டில்தான் எனக்கு ஆபீஸ், சாப்பாட்டு மேசை, தியேட்டர். வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கிற "வேற அறை" நம்மில் பாதிப் பேருக்குக் கிடையாது. அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஒரு பிளாஸ்டிக் சேர் கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க. வராண்டாவில் ஒரு சேர் போட்டேன். லேப்டாப் வேலை சேர்ல. சாப்பாடு கீழே. பகல்ல கட்டில்ல உட்காரவே கூடாது, ரூம்மேட் உட்கார்ந்தாலும் சரி, நான் கூடாது.

ஊருக்குப் போனப்ப பாட்டிகிட்ட இதைச் சொன்னேன். "அதான் அந்தக் காலத்துல காலையில பாயைச் சுருட்டி வெச்சிடுவோமே"ன்னாங்க. பாய் சுருட்டியாச்சுன்னா படுக்கைன்னு ஒண்ணு பகல்ல இருக்கவே இருக்காது. கட்டில் இல்லாத ஒற்றை அறையில் இருக்கிறவங்க இதை அப்படியே செய்யலாம்.

மூணாவது, நினைப்புகள். எனக்கு ஓடிக்கிட்டிருந்தது: "இன்னைக்குத் தூங்கலைன்னா நாளைக்கு டெமோ காலி, வேலையும் காலி." அவங்க மறுக்கலை. நோட்டை எடுக்கச் சொன்னாங்க. 4 மணி நேரம் மட்டும் தூங்கின நாட்கள்ல நிஜமா என்ன நடந்ததுன்னு எழுத வெச்சாங்க. தலைவலி இருந்தது, எரிஞ்சு விழுந்தேன், சாயங்காலம் சோர்வு. ஆனா மீட்டிங் நடந்தது, வேலை முடிஞ்சது. கஷ்டமான நாள், பேரழிவு இல்லை. அதை என் கையெழுத்திலேயே பார்த்தப்ப ராத்திரிப் பயம் கொஞ்சம் இறங்கிச்சு. கூடவே, கவலைக்குன்னு சாயங்காலம் 6:30-க்கு 15 நிமிஷம் ஒதுக்கச் சொன்னாங்க. ஒரு பேப்பர்ல கவலைகளை எழுதி, நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை இருந்தால் பக்கத்துல எழுதணும். ராத்திரி அதே கவலை வந்தா, "உன் பேரை எழுதியாச்சு, நாளைக்கு 6:30-க்கு வா."

ஒண்ணு கவனிச்சீங்களா? காபியைக் குறை, ஸ்கிரீனை அணை, அறையை இருட்டாக்குங்கிற வழக்கமான அறிவுரைகளை நான் பெருசாச் சொல்லலை. அதெல்லாம் நல்லதுதான். மதியத்துக்கு அப்புறம் காபியை நானும் விட்டேன். ஆனா நாள்பட்ட தூக்கமின்மைக்கு அது மட்டும் போதாது. அதை எல்லாம் செஞ்சும் தூக்கம் வரலையேன்னு உங்க மேலேயே பழி போட்டுக்காதீங்க.

ரெண்டாவது வாரம்

உண்மையைச் சொல்லிடறேன். முதல் இரண்டு வாரம் கொடுமை. பகல்ல கண்ணு எரியும். பைக்கை எடுக்கவே கூடாதுன்னு அவங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க, பஸ்லதான் போனேன்.

தூக்கத்தைவிடக் கஷ்டம், 11-லிருந்து 1:30 வரைக்கும் இருக்கிற நேரம். ஊரே தூங்குது, நீங்க மட்டும் முழிச்சிருக்கணும். மனசு நல்லா இருக்கிறவங்களுக்கு அது வெறும் போர். மன அழுத்தத்துல இருக்கிறவங்களுக்கு அது ஆபத்தான நேரம். பழைய விஷயமெல்லாம் வரிசையா வந்து நிக்கும். இதைத்தான் வெறும் ஆப் வெச்சு ஒருத்தர் தனியா செய்யும்போது யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது. என் சைக்காலஜிஸ்ட் அந்த நேரத்துக்கே ஒரு அட்டவணை போட்டாங்க. சட்டை அயர்ன் பண்றது, ரூம்மேட்டோட கேரம், பழைய காமெடிப் படம், மறுநாளுக்குப் பை அடுக்கறது. தனியா இருட்டுல உட்காரக் கூடாது. ஆபீஸ் வேலையும் கூடாது. மனசு ரொம்பக் கீழே போனா யாருக்குப் போன் பண்ணணும்னு இரண்டு பேர் எழுதி வெச்சோம். முன்னாடி வந்துட்டுப் போனதாச் சொன்னேன் இல்லையா, அந்த நினைப்பைப் பத்தி நான் முதல்முறையா வாய் திறந்தது அந்த லிஸ்ட் எழுதும்போதுதான்.

காலை 7 மணி இன்னொரு போராட்டம். மன அழுத்தத்துல படுக்கை ஒரு ஒளியிடம். எழுந்தா நாளைச் சந்திக்கணும். "எழுந்திரு"ன்னு அலாரம் சொன்னா எழ முடியாது. எழுந்து போக ஒரு இடம் வேணும். ரூம்மேட் ஒருத்தன் 7:15-க்கு டீக்கடைக்குப் போவான். அவன்கூடப் போகணும்னு ஒப்பந்தம். வெயில் முகத்துல படணும், அது உடம்புக் கடிகாரத்துக்கும் நல்லது. ரெண்டு நாள் போர்வையை உருவிட்டான். திட்டினேன். ஆனா போனேன்.

பத்தாவது நாளோ பதினொண்ணாவது நாளோ, 1:30-க்குப் படுத்தேன். அடுத்து எனக்கு ஞாபகம் இருக்கிறது அலாரம்தான். அந்த வாரத் திறன் 91 சதவீதம். 1:15-க்குப் படுக்க அனுமதி கிடைச்சது. அந்த 15 நிமிஷத்துக்கு நான் பட்ட சந்தோஷம் எந்த அப்ரைசலுக்கும் பட்டதில்லை. இரண்டு மாசத்துல 12 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழற அளவுக்கு வந்தேன்.

என் ஒருத்தன் கதை போதாது

சரி, எனக்கு வேலை செஞ்சது. ஒருத்தனோட அனுபவம் டேட்டா ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டேனியல் ஃப்ரீமன் குழு, பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மை உள்ள 3,755 மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தது. 2017-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ஆன்லைன் வழியாக சிபிடி-ஐ, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. சிகிச்சை கிடைத்தவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது. அதோடு மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. மற்றவர்கள் தனக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகமும், இல்லாததைக் கேட்பது பார்ப்பது போன்ற அனுபவங்களும்கூடச் சிறிய அளவில் குறைந்தன. சிகிச்சை தொட்டது தூக்கத்தை மட்டும்தான் என்பதை மனசில் வெச்சுக்கோங்க. அந்த ஆய்வில் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள், எல்லா அமர்வுகளையும் முடித்தவர்கள் சிறுபான்மைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். இரண்டாவது வாரத்தைத் தனியாகத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், அதனால ஆச்சரியப்படலை.

அதற்கு முன் 2008-ல் ரேச்சல் மான்பர் குழு அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு செய்தது. மன அழுத்தமும் தூக்கமின்மையும் சேர்ந்தே இருந்த 30 பேர். எல்லோருக்கும் ஒரே மன அழுத்த மாத்திரை. ஒரு பாதிக்கு மட்டும் கூடவே சிபிடி-ஐ. அந்தப் பாதியில் மன அழுத்தத்திலிருந்து முழுசாக மீண்டவர்கள் சுமார் 62 சதவீதம், மற்றவர்களில் 33 சதவீதம். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் வித்தியாசம் எப்போதும் இவ்வளவு பெரிதாக இல்லை. ஆனாலும் "முதல்ல மனசு, அப்புறம் தூக்கம்" என்று வரிசையில் நிற்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒன்றாகவே தொடங்கலாம் என்று இந்த ஆய்வு பலரை யோசிக்க வைத்தது.

2023-ல் பிரிட்டனில் இன்னொன்று. மனச்சிதைவு போன்ற நிலைக்குப் போகும் ஆபத்து அதிகம் உள்ள, 14 முதல் 25 வயதுக்குள் இருக்கிற 40 பேர். இவர்களுக்கு ஏற்றபடி மாற்றிய தூக்கச் சிகிச்சையை நேரடியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இது செய்ய முடிகிற காரியமா என்று பார்க்கிற முதல்கட்ட ஆய்வுதான். முடிகிறது, தூக்கமும் நன்றாகவே மேம்படுகிறது என்று தெரிந்தது.

யார் தானாகச் செய்யக் கூடாது

இந்தப் பகுதியை ஸ்கிப் பண்ணாதீங்க.

என் நண்பன் ஒருத்தனுக்கு பைபோலார். நான் ஆர்வக் கோளாறுல "நீயும் 1:30 வரைக்கும் முழிச்சிரு மச்சி"ன்னு சொல்லிட்டேன். நல்லவேளை, அவன் டாக்டரைக் கேட்டான். அவர் திட்டாத குறை. பைபோலார் உள்ளவர்களுக்குத் தூக்கம் குறைவதே மிகை உற்சாக நிலையைக் கிளப்பிவிடும். அவனுக்கு அவர் நேரத்தைச் சுருக்கவே இல்லை. தினமும் ஒரே நேரத்தில் படுப்பது, ஒரே நேரத்தில் எழுவது, ராத்திரி வெளிச்சத்தைக் குறைப்பது, இது மட்டும். அன்னைக்குக் கத்துக்கிட்டேன், நமக்கு வேலை செஞ்ச மருந்தை அடுத்தவனுக்கு எடுத்து நீட்டக் கூடாது.

வலிப்பு நோய் இருக்கிறவங்க, குரல்கள் கேட்பது மாதிரி அனுபவம் இருக்கிறவங்க, வண்டி ஓட்டறதும் பெரிய மெஷின்ல நிக்கறதும் வேலையா இருக்கிறவங்க, பலமா குறட்டை விட்டு மூச்சு திணறி எழறவங்க, இவங்க எல்லாரும் முதல்ல டாக்டரைப் பார்க்கணும். தூக்க மாத்திரை ஏற்கெனவே எடுக்கிறவங்க, இதைக் கேட்டுட்டு நாளைக்கே நிறுத்திடாதீங்க. டாக்டர் சொல்லி, படிப்படியாத்தான் குறைக்கணும்.

நைட் ஷிஃப்ட் வேலை, ஹாஸ்டல்ல ராகிங், வீட்டுல சண்டை, இதனால தூக்கம் போனவங்களுக்கு முதல்ல அந்தச் சூழ்நிலைதான் மாறணும். ஆறு அமர்வு சிகிச்சை மோசமான மேனேஜரைச் சரி பண்ணாது. நான் பழைய வேலையிலேயே இருந்திருந்தா இந்த 1:30 கணக்கு எதுவும் நின்னிருக்காது.

செத்துப்போயிடலாம்னு நினைப்பு வருதா? தூக்க நோட்டு எழுதிட்டு ஒரு வாரம் காத்திருக்காதீங்க. இப்பவே யாரையாவது எழுப்புங்க. டெலி-மனஸ் எண் 14416. அரசு நடத்துவது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அந்த நேரத்துல தூங்கற அம்மாவை எழுப்பறது தொந்தரவு இல்லை.

இப்ப எப்படி இருக்கேன்

இப்பவும் மாசத்துல ரெண்டு மூணு ராத்திரி சரியாத் தூங்க மாட்டேன். ரிலீஸ் வாரம்னா நிச்சயம். ஒரு வித்தியாசம், மணி பார்க்கறதில்லை, கணக்குப் போடறதில்லை. எழுந்து வராண்டா சேர்ல உட்காருவேன். தூக்கம் வந்தா திரும்பப் போவேன். வரலைன்னா மறுநாள் கொஞ்சம் சோர்வா இருப்பேன். அன்னைக்கு ராத்திரி அதுவே சேர்ந்து வந்துடும். மன அழுத்த மாத்திரையை டாக்டர் சொன்னபடி ஒரு வருஷம் எடுத்து, அவர் சொன்னபடியே நிறுத்தினேன். எது எவ்வளவு வேலை செஞ்சதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மனசுல ஒண்ணுமே என் கட்டுப்பாட்டுல இல்லைன்னு இருந்த சமயத்துல, 7 மணிக்கு எழுந்து டீக்கடைக்குப் போறது மட்டும் என் கையில இருந்தது. அங்கிருந்துதான் மத்ததெல்லாம் ஆரம்பிச்சது.

இன்னைக்கு ராத்திரி நீங்க முழிச்சிருந்து இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, இப்பவே எதையும் மாத்த வேண்டாம். போனைத் திருப்பி வெச்சிடுங்க. நாளையிலிருந்து ஒரு வாரம், காலையில ஒரே நேரத்துக்கு எழுந்து, ஒரு நோட்டுல நாலு வரி எழுதுங்க. வாரம் முடிஞ்சதும் அந்த நோட்டை ஒரு டாக்டர்கிட்டயோ சைக்காலஜிஸ்ட்கிட்டயோ கொண்டு போங்க. "எனக்குத் தூக்கம் வரலை"ங்கறதுக்குப் பதிலா அந்த நோட்டைக் காட்டினா, பேச்சு வேற இடத்துல இருந்து ஆரம்பிக்கும்.

அம்மா இப்பவும் போன் பண்ணும்போதெல்லாம் கேட்கறாங்க, "நேத்து தூங்கினியாடா?" "தூங்கினேம்மா." "அந்த டாக்டர் பரவாயில்லைடா"ங்கறாங்க. ஜாதிக்காயை மட்டும் இன்னும் பார்சல்ல அனுப்பிக்கிட்டுத்தான் இருக்காங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பார்த்துக்கோங்க மக்களே.